கம்பியும் காற்றும் சுமக்கும் அமானிதம்

தொலைவில் இருப்பவருக்குத் தன் கருத்தை அறிவிக்க விரும்பிய நாள் முதலாக மனிதனுக்கு இரண்டு கவலைகள் இருந்து வருகின்றன. அனுப்பிய செய்தி சிதையாமல் போய்ச் சேருமா என்பது ஒன்று. வந்து சேர்ந்த செய்தி உரியவரிடமிருந்துதான் வந்ததா என்பது மற்றொன்று.

இவ்விரு கவலைகளும் நம் குடும்பங்களுக்குப் புதியன அல்ல. பொருளீட்டக் கடல் கடந்து சென்ற ஆண்மக்களும், அவர்களின் மடலுக்காகக் காத்திருந்த பெண்மக்களும் நிறைந்த ஊர்கள் நம்முடையவை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்றிருந்த பயணத் திசை பின்னர் ஜித்தா, துபாய், குவைத் என்று மாறியது. அஞ்சலில் வரும் மடல் தாமதமாகும் என்பதால், ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்குப் புறப்படும் நண்பரிடம் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் முதற்கவலையே பெரிதாக இருந்தது. மடல் தொலைந்து போகலாம். நாடா சிக்கிக் கொள்ளலாம். ஆனால் இரண்டாவது கவலை அநேகமாக எழவில்லை. மடலில் மகனின் கையெழுத்து இருந்தது. நாடாவில் கணவரின் குரல் இருந்தது. கொண்டுவந்தவரும் தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. செய்தி போய்ச் சேருமா என்று யாரும் அஞ்சுவதில்லை. அனுப்பியவர் யார் என்பதுதான் ஐயத்திற்குரியதாகி இருக்கிறது. இது ஏன் நேர்ந்தது என்பதை விளங்கிக் கொள்ள வேண்டுமாயின், கைப்பேசியில் நாம் தட்டும் ஒரு சொல் எவ்வாறு கடலைக் கடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எழுத்து எண்ணாகிறது

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. அது அறிந்தவை இரண்டே நிலைகள்தாம்: மின்சாரம் உண்டு, இல்லை. இவற்றை 1 என்றும் 0 என்றும் குறிக்கிறோம். இத்தகைய ஓர் இலக்கத்திற்கு 'பிட்' என்று பெயர். எழுத்து, ஒலி, படம் ஆகிய எந்தச் செய்தியையும் பிட்டுகளால் அளந்துவிடலாம் என்பதைக் கணித அடிப்படையில் நிறுவியவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். 1948ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இன்றைய தகவல் தொடர்பு இயலுக்கு அடித்தளமாகும்.

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கியுள்ள பொது ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர். அதில் நம் 'அ' எழுத்தின் எண் 2949. ஜித்தாவில் இருக்கும் மகன், கீழக்கரையில் இருக்கும் தாயாருக்கு 'ஸலாம்' என்று அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கணிப்பொறியின் கணக்கில் அச்சொல்லில் ஐந்து குறிகள் உள்ளன: ஸ, ல, துணைக்கால், ம, புள்ளி. இன்று பெருவழக்கில் இருக்கும் முறைப்படி, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 24 பிட்டுகளைக் கொள்கிறது. ஆகவே, 'ஸலாம்' என்பது 120 ஒன்றுகளும் சுழியங்களும் கொண்ட ஒரு வரிசையாகிவிடுகிறது.

இங்கேயே மகனின் கையெழுத்து மறைந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தட்டினாலும் அயலார் ஒருவர் தட்டினாலும் அதே 120 பிட்டுகள்தாம் உருவாகின்றன.

மூன்று வழிகள்

இந்தப் பிட்டுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்ல மூவகை ஊடகங்கள் பயன்படுகின்றன: செம்புக் கம்பி, கண்ணாடி இழை, வெட்டவெளி.

செம்புக் கம்பியில் பிட்டுகள் மின்துடிப்புகளாகச் செல்கின்றன. தொலைபேசிக் கம்பியைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு இரண்டு கம்பிகளாகப் பின்னி முறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அக்கம் பக்கத்து மின்சாதனங்களின் இரைச்சல் கம்பியில் ஏறிச் செய்தியைக் கெடுக்கும். முறுக்கிய இரு கம்பிகளிலும் அந்த இரைச்சல் ஏறத்தாழச் சம அளவில் ஏறுகிறது. பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், தொலைவு கூடக் கூடச் செம்பில் துடிப்பு விரைந்து தேய்கிறது.

கண்ணாடி இழையில் பிட்டுகள் ஒளித் துடிப்புகளாகச் செல்கின்றன. ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குள் புகும்போது எந்த அளவு வளைகிறது என்னும் விதியைக் கி.பி. 984 அளவில் பக்தாதில் எழுதி வைத்தவர் இப்னு ஸஹ்ல் என்னும் முஸ்லிம் அறிஞர். பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவில் இவ்விதி ஸ்நெல் என்பவரின் பெயரைப் பெற்றது. கண்ணாடிக்குள் செல்லும் ஒளி அதன் விளிம்பை மிகச் சாய்வாகத் தொடுமாயின், வெளியேறாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும் என்பது அந்த விதியிலிருந்து பெறப்படும் முடிவு. ஒளி இழை இயங்குவது இதனால்தான்.

ஆயினும், தூய்மையற்ற கண்ணாடி ஒளியை விழுங்கிவிடும். 1960களில் இருந்த இழைகளில் ஒளி 20 மீட்டர் அளவே பயனுள்ள வகையில் சென்றது. குறை இழையில் இல்லை, கண்ணாடியின் மாசில்தான் இருக்கிறது என்று 1966ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். அதற்காக அவருக்கு 2009ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய நல்ல இழையில் 15 கிலோமீட்டர் கடந்த பின்னும் புறப்பட்ட ஒளியில் பாதி எஞ்சி நிற்கிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். 5,000 கிலோமீட்டர் நீளமுள்ள இழையைக் கடக்க நொடியில் 40இல் ஒரு பங்கு போதும்.

மூன்றாவது வழி வெட்டவெளி. ரேடியோ அலைகள் கம்பியின்றிச் செல்கின்றன. கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே நிகழ்வது இதுதான். வெளிநாட்டுச் செய்திகள் யாவும் செயற்கைக்கோள் வழியாக வருகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சென்று திரும்பக் கால் நொடியளவு ஆகிறது. கண்டங்களுக்கு இடையே செல்லும் தகவலில் மிகப் பெரும்பகுதியைக் கடலடியில் கிடக்கும் ஒளியிழை வடங்களே சுமக்கின்றன.

அவற்றுள் ஒன்று 'சீ-மீ-வீ 4' என்பது. 2005ஆம் ஆண்டு முடிவுற்ற இவ்வடம் சிங்கப்பூரில் தொடங்கி, மலேசியா, தாய்லாந்து, வங்காளதேசம், சென்னை, கொழும்பு, மும்பை, கராச்சி, ஐக்கிய அரபு நாடுகளின் புஜைரா, ஜித்தா, எகிப்து ஆகியவற்றைத் தொட்டு பிரான்சின் மார்செய் வரை செல்கிறது. நம் முன்னோர் பாய்க்கப்பல்களில் சென்ற துறைகள் பலவற்றை இன்று கண்ணாடி இழைகள் இணைத்து நிற்கின்றன.

பொதிகளாகப் பிரித்தல்

வழி இருந்தால் மட்டும் போதாது. கோடிக்கணக்கானோர் ஒரே வழியில் செல்லும்போது நெரிசல் ஏற்படாமல் இருக்க வேண்டும். பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும் வரை அந்த இணைப்பு முழுவதும் அவர்களுக்கே உரியதாக இருந்தது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் மற்றவர் அதனைப் பயன்படுத்த இயலாது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் பேச்சும் அறுந்துவிடும்.

1960களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியே வேறொரு முறையைக் கண்டனர். செய்தியைச் சிறு சிறு பொதிகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, வரிசை எண் ஆகியவற்றைப் பொறிக்க வேண்டும். பிறகு எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியில் விட்டுவிட வேண்டும் என்பதே அம்முறை. ஒரு பொதி பெரும்பாலும் 1,500 பைட்டுகளுக்கு மேற்படுவதில்லை. ஒரு பைட் என்பது 8 பிட்டுகள். பேரக் குழந்தையின் புகைப்படம் 30 லட்சம் பைட்டுகள் கொண்டதாயின், அது 2,000க்கும் மேற்பட்ட பொதிகளாகப் பிரிந்து பயணம் செய்கிறது.

சந்திக்குச் சந்தி நின்று, முகவரியைப் பார்த்து, 'இந்தப் பக்கம் போ' என்று வழிகாட்டும் கருவிக்கு 'ரவுட்டர்' என்று பெயர். ஒரு வழி அடைபட்டால் அது பொதிகளை வேறு வழியில் திருப்பிவிடும். 2008ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 4 உள்ளிட்ட இரு வடங்கள் பழுதுற்றன. எகிப்து, வளைகுடா நாடுகள், இந்தியா ஆகியவற்றில் இணையம் பெரிதும் தளர்ந்தது. ஆயினும் முற்றிலும் நின்றுவிடவில்லை. இந்தியாவின் பொதிகளில் பல கிழக்கே திரும்பி, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிச் சென்றன. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் இதே வடம் மீண்டும் பழுதுற்றபோதும் வேகம் குறைந்ததே அன்றித் தொடர்பு அறவே அறுந்துவிடவில்லை.

உரையாடலின் ஒழுங்கு

பல வழிகளில் சென்ற பொதிகள் முன்பின்னாக வந்து சேரும். சில தொலைந்தும் போகும். அவற்றை ஒழுங்குபடுத்த, அனுப்பும் கணிப்பொறியும் பெறும் கணிப்பொறியும் பொதுவான சில விதிகளை ஏற்றுக்கொண்டாக வேண்டும். இவ்விதித் தொகுப்பினை நெறிமுறை என்பர். ஆங்கிலத்தில் 'புரோட்டோகால்' என்று வழங்குவது இதுவே.

நெறிமுறை என்பது நமக்கு அந்நியமான கருத்தன்று. ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலில் நின்று ஸலாம் கூறுகிறோம். உள்ளிருப்பவர் பதில் ஸலாம் கூறி வரவேற்கிறார். அதன் பின்னரே உள்ளே செல்கிறோம். இணையத்தில் பெரிதும் பயன்படும் 'டிசிபி' என்னும் நெறிமுறையும் இவ்வாறே தொடங்குகிறது. 'பேசலாமா?' என்று ஒரு பொதி செல்கிறது. 'பேசலாம், நான் கூறுவதும் கேட்கிறதா?' என்று மறுமொழி வருகிறது. 'கேட்கிறது' என்று மூன்றாவது பொதி சென்ற பின்னரே செய்தி புறப்படுகிறது.

பிறகு, வந்து சேர்ந்த பொதிகளுக்குப் பெறுபவர் ஒப்புகை அனுப்புகிறார். குறித்த நேரத்தில் ஒப்புகை வராவிட்டால், அனுப்பியவர் அதே பொதியை மீண்டும் அனுப்புகிறார். ஒவ்வொரு பொதியிலும் ஒரு கூட்டுத்தொகை எழுதப்பட்டிருக்கும். பெறும் கருவி மீண்டும் கூட்டிப் பார்த்து, கணக்கு ஒத்து வராவிட்டால் அப்பொதியைத் தள்ளிவிடும். வின்ட் செர்ஃப், பாப் கான் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974ஆம் ஆண்டு இந்நெறிமுறையின் முதல் வடிவத்தை வெளியிட்டனர். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 ஜனவரி முதல் நாளன்று இதற்கு மாறியது.

கைப்பேசியில் எழுதி அனுப்பிய செய்தி சிதையாமல் வருகிறது. பேசும்போது மட்டும் ஏன் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. விடை இதுதான். எழுத்து சற்றுத் தாமதித்தாலும் முழுமையாக வர வேண்டும். ஆகவே தொலைந்த பொதி மீண்டும் அனுப்பப்படுகிறது. பேச்சோ தாமதிக்கலாகாது. முன்பு தொலைந்த ஒலியைத் தேடிக் கொண்டுவருவதற்குள் பேசுபவர் அடுத்த வாக்கியத்திற்குப் போய்விடுவார். ஆகவே பேச்சுக்கென்று வேறொரு நெறிமுறை உண்டு. அது தொலைந்ததை விட்டுவிட்டு மேலே செல்கிறது.

திறந்த அட்டையும் பூட்டிய உறையும்

இதுவரை கூறிய நெறிமுறைகள் செய்தியைச் சேர்ப்பிக்க வல்லவை. மறைக்க வல்லவை அல்ல. வெறும் பொதி என்பது அஞ்சல் அட்டையைப் போன்றது. வழியில் கையாளும் எவரும் படித்துவிடலாம். எனவே, செய்தியைப் பிறர் அறியாத குறியீட்டு மொழிக்கு மாற்றும் மறையாக்கம் தேவையாயிற்று.

ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை எழுதும் பழைய மறையாக்கத்தை உடைக்கும் வழியை முதன்முதலில் விளக்கி எழுதியவராக அறியப்படுபவர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி ஆவார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மறைபொருளை அறியலாம் என்றார் அவர். இன்றைய மறையாக்கம் அவ்வாறு எண்ணி உடைக்க இயலாத கணிதத்தின் மேல் அமைந்தது. 1976ஆம் ஆண்டு டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர், முன்பின் சந்தித்திராத இருவர் திறந்த வழியிலேயே ஓர் இரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்ள முடியும் என்று காட்டினர். வங்கித் தளங்கள் பூட்டப்பட்டிருப்பது இந்த வழியில்தான். வாட்ஸ்அப் நிறுவனமும் 2016ஆம் ஆண்டு ஏப்ரலில், அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி இடையில் எவரும் படிக்க இயலாத மறையாக்கத்தைத் தன் பயனாளர் அனைவருக்கும் அளித்தது.

ஆனால், இங்கே ஒரு பெருந்தவறான எண்ணம் பரவியிருக்கிறது. முகவரியின் முன் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளம் நம்பத்தக்கது என்று பலர் கருதினர். பூட்டு கூறுவது, இன்ன முகவரியுடன்தான் பேசுகிறீர்கள், இடையில் பிறர் கேட்க இயலாது என்பது மட்டுமே. அம்முகவரிக்குரியவர் நேர்மையாளரா, மோசடிக்காரரா என்பது பற்றி அது எதுவும் கூறாது. மோசடித் தளங்களும் பூட்டைப் பெற்றுக்கொள்கின்றன. இத்தவறான எண்ணத்தை முன்னிட்டே, கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு தனது குரோம் உலாவியிலிருந்து பூட்டுச் சின்னத்தை அகற்றியது.

மின்னஞ்சலின் கதையும் இத்தகையதே. 1982ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அதன் நெறிமுறை, அனுப்புநர் எழுதிய பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டது. அது ஒருவரையொருவர் அறிந்த சிறு ஆய்வாளர் கூட்டத்திற்காக அமைந்தது. பின்னாளில் சோதனைகள் பல சேர்க்கப்பட்டன எனினும், பெயரை மாற்றி எழுதும் ஏமாற்று இன்னும் ஒழியவில்லை.

கொண்டுவந்தவர் யார்?

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இரு கூறுகளாகப் பார்த்தார்கள். செய்தியின் வாசகம் 'மத்ன்' எனப்படும். அதனை ஒருவரிடமிருந்து ஒருவராக எடுத்துரைத்தோரின் தொடர் 'இஸ்னாத்' எனப்படும். வாசகம் எவ்வளவு அழகியதாக இருந்தாலும், தொடரில் உள்ளவர் யாரென்று அறியப்படாதவராகவோ பொய்யர் என்று அறியப்பட்டவராகவோ இருந்தால், அதனை ஆதாரமாகக் கொள்ள அவர்கள் மறுத்தார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே 'அஸ்மாவுர் ரிஜால்' என்னும் தனிக்கலை வளர்ந்தது.

இணைய நெறிமுறைகள் வாசகத்தைக் காக்கின்றன. ஒரு பிட் மாறினாலும் கண்டுபிடிக்க முயல்கின்றன. ஆனால் அந்த வாசகத்தைக் கூறிய மனிதர் யார், எத்தகையவர் என்னும் ஆராய்ச்சியை அவை செய்வதில்லை. அப்பொறுப்பு நம்மிடமே விடப்பட்டிருக்கிறது. பொய்யான செய்தியும் ஒரு பிட் கூடச் சிதையாமல் மிக ஒழுங்காக வந்து சேரும்.

'உம்மா, என் கைப்பேசி தொலைந்துவிட்டது. இது புது எண். அவசரமாகப் பணம் வேண்டும்' என்று ஒரு செய்தி வரலாம். குறைந்த கட்டணத்தில் உம்ராப் பயணம் என்று ஓர் இணைப்பு வரலாம். ரமளானில் ஜகாத் கேட்டு, உள்ளத்தை உருக்கும் படத்துடன் ஒரு வேண்டுகோள் வரலாம். மனிதக் குரலையும் கணிப்பொறி கொண்டு போலியாக ஆக்கிவிட இயலும் என்பதால், ஒலிநாடாக் காலத்தில் இருந்த நம்பிக்கையும் இன்று முழுமையாக இல்லை.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொள்வது நலம். பணம் கேட்டு வரும் எந்தச் செய்திக்கும் அதே வழியில் விடையளிக்கக் கூடாது; முன்பே அறிந்த பழைய எண்ணில் அழைத்து, நேரில் பேசிய பின்னரே முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணை, கேட்பவர் உறவினராயினும் வங்கி அலுவலர் என்று சொல்லிக்கொள்பவராயினும், எவரிடமும் கூறலாகாது. அந்த எண் நம் வீட்டுச் சாவி. அதனைப் பெற்றவர் நம் பெயரிலேயே நம் சுற்றத்தார் அனைவருக்கும் எழுத முடியும். உண்மையா என்று அறியாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்துவதும் இந்நெறிமுறையில் சேரும். அனுப்புகின்ற நிமிடத்தில் நாமும் அத்தொடரில் ஓர் அறிவிப்பாளராகிவிடுகிறோம்.

இவற்றையும் மீறி ஏமாற்றம் நேர்ந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைப்பதில் பயனில்லை. இந்தியாவில் 1930 என்னும் எண்ணில் உடனடியாக முறையிடலாம். பணம் கைமாறிச் செல்வதற்கு முன் தடுக்க வேண்டுமாயின் காலம் கடத்தலாகாது. வீட்டிலுள்ள இளையோர், ஏமாந்த பெரியவர்களைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் அவசியம். கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், பயனடைபவன் மோசடிக்காரனே.

தொலைவைக் கடக்கும் ஆற்றலை மனிதனுக்கு இறைவன் வழங்கியுள்ளான். செம்பும் கண்ணாடியும் காற்றும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை உள்ளவாறு சேர்ப்பிக்கின்றன. சொல்பவரின் உண்மையும் கேட்பவரின் விசாரணையும் மனிதர்மேல் சுமத்தப்பட்ட அமானிதம். அதனைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.